மெரினா மரப்பாதை: 263 மீட்டருக்கு வெளியே

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மெரினா மணலில் ஒரு மரப்பாதை கடலை நோக்கிப் போகிறது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். கருவேலம், சிவப்பு மராந்தி, பிரேசில் மரம் என மூன்று வகை மரங்களைக் கொண்டு சென்னை மாநகராட்சி ரூ.1.14 கோடி செலவில் போட்டது. கணக்குப் பார்த்தால் மீட்டருக்கு 43 ஆயிரம் ரூபாய்க்கு மேல். 2022 நவம்பர் 27 அன்று, அப்போது சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி சட்டமன்ற உறுப்பினராக இருந்த உதயநிதி ஸ்டாலின் திறந்து வைத்தார்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறார் என் மாமா. இந்தப் பாதையை டிவியில் பார்த்தவர், "மாப்ளே, நம்ம ஊர்லயும் மாற்றுத்திறனாளிகளுக்கு இப்படி ஒண்ணு செய்யணும். எவ்வளவு ஆகும், யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். கடல் இல்லாத ஊரில் மரப்பாதை எதற்கு என்று கிண்டல் செய்ய வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு மரப்பாதையின் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. திறப்பு விழா அந்தக் கதையில் சின்னப் பகுதிதான். பாதையைக் கட்ட ஒரு துறை இருந்தது, பணம் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பி அந்தப் பாதை வரைக்கும் வந்து சேர்வதற்குத்தான் பொறுப்பாக யாரும் இல்லை. சின்ன ஊரில் வேலையை அந்த முனையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி.

மணலும் சக்கரமும்

மெரினாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் நடக்கவே கால் வலிக்கும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் உள்ளங்கை அகலம்கூட இருக்காது, மணலில் இறங்கினால் புதைந்து நின்றுவிடும். நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிப் போவார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்து, கடலைச் சாலையில் இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். தூக்கிப் போகச் சொல்வதற்குக் கூச்சப்பட்டே போகாதவர்களும் உண்டு.

நிரந்தரப் பாதை வருவதற்கு முன்னால், மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3ஐ ஒட்டிச் சில நாட்களுக்குத் தற்காலிகப் பாதை போட்டார்கள். உரிமை அமைப்புகள் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு நடந்தது அது. விழா முடிந்ததும் பாதையைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். மிச்ச மாதங்களில் கடலுக்கு லீவு போலும்.

மரம் ஏன் என்று பலர் கேட்டார்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் மணலில் நிரந்தரக் கட்டுமானத்தை எளிதில் அனுமதிப்பதில்லை. கான்கிரீட் போட்டால் மணல் நகர்வதையும் அது தடுக்கும். மரத்தைக் கழற்றலாம், உடைந்த பலகையை மட்டும் மாற்றலாம். ஆனால் மரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலகைகளைப் போகும் திசைக்குக் குறுக்கே அடுக்க வேண்டும். நீளவாக்கில் அடுக்கினால் இடைவெளியில் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவர் குப்புற விழுவார். பூங்காவில் மரப்பாலம் போடும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

பன்னிரண்டாம் நாள்

திறந்த முதல் சில நாட்கள் பாதையில் கூட்டம் தாங்கவில்லை. நன்றாக நடக்கக்கூடியவர்கள்தான் பெரும்பாலும். செல்ஃபி, ரீல்ஸ், குழந்தையின் பிறந்தநாள் போட்டோ. யாருக்காகப் போட்டார்களோ அவர்களுக்கு நாற்காலியைத் திருப்ப இடம் இல்லை. மற்றவர்களைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முழங்கால் தேய்ந்த பாட்டி, கர்ப்பிணி, தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் அம்மா ஆகியோருக்கும் அது உதவுகிற பாதைதான். வாசலில் அட்டை பார்த்து அனுப்பினால், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் முதலில் மாட்டிக்கொள்வார்கள். நெரிசல் நேரத்தில் வழிவிடச் சொல்ல ஒரு ஆள் போதும். அந்த ஆளுக்குத் தினமும் சம்பளம் தர வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அப்புறம் மாண்டஸ் வந்தது. டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே புயல் கரையைக் கடந்தது. பாதையின் கடல் பக்கப் பகுதி சேதமானது. திறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கோடி ரூபாய் தண்ணீரில் போயிற்று என்று ஊரே சிரித்தது. பிறகு பழுதுபார்த்துத் திறந்தார்கள். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் இதேபோல் ஒரு பாதை வந்தது.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புயலில் மேம்பாலத்து விளக்குக் கம்பம் சாய்ந்தால், மேம்பாலமே தண்டம் என்று யாரும் சொல்வதில்லை. சரி செய்யச் சொல்கிறோம். மாற்றுத்திறனாளிக்குச் செய்தது உடைந்தால் மட்டும் செய்ததே வீண் என்கிறோம். கடலோரத்தில் போட்டது சேதமாகத்தான் செய்யும். வருடா வருடம் பருவமழைக்கு முன்னால் யார் பார்ப்பார்கள், மாற்றுப் பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் உருப்படியாக இருந்திருக்கும். புயல் வராத நாளிலும் காற்று மணலை வாரிப் பலகைமேல் போடும். விரலளவு மணல் படிந்தால் போதும், சக்கரம் வழுக்கும். பெருக்குவதும் பராமரிப்புதான். அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது, அதனால் ஒதுக்கீடும் கடைசியில்தான் வரும்.

வீட்டிலிருந்து அங்கே

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். சிறு வயதில் போலியோ. அரசு தந்த இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போய் வருகிறார். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த வண்டியைப் பார்க்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு உண்மையான பொதுப் போக்குவரத்து இதுதான் என்று சொன்னால்கூடத் தப்பில்லை. ஆனால் வண்டி சாலை வரைக்கும்தான். இறங்கினால் ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரப்பாதையைப் பார்க்க அவரோடு கிளம்பினேன். ஸ்கூட்டர் வேண்டாம், நாற்காலியிலேயே போய்ப் பார்க்கலாம் என்றார். நான் தள்ளினேன். தெரு முனையில் நடைபாதை ஏறும் இடத்தில் அழகாகச் சரிவு அமைத்திருந்தார்கள். சரிவு முடிந்து சாலையைத் தொடும் இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு. செருப்புக் காலுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முன்சக்கரம் அதில் முட்டி நின்றது, அக்கா முன்னால் சாய்ந்தார். நான் பதறி இன்னும் அழுத்தித் தள்ளப் போனேன்.

"தள்ளாத தம்பி, தள்ளாத! நாற்காலியைத் திருப்பு. பெரிய சக்கரம் முதல்ல ஏறணும். பின்னாடி இழு."

இழுத்தேன், ஏறியது. ஏறிய இடத்தில் பைக் வராமல் தடுக்க எவர்சில்வர் கம்பங்கள் நட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே நாற்காலி நுழையவில்லை. மறுபடி இறங்கிச் சாலை ஓரமாகவே போனோம். "எதுக்கு ஏத்தின?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.

இந்தக் கம்பங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியின் அகலம் 65 முதல் 70 சென்டிமீட்டர். கை மோதாமல் தாராளமாக நுழைய 90 வேண்டும். பைக்கின் ஹேண்டில்பாரும் கிட்டத்தட்ட அதே 70தான். நாற்காலி போகும் இடைவெளியில் பைக்கும் போகும், பைக்கை மறித்தால் நாற்காலியும் நிற்கும். அளவை மாற்றி மாற்றி வைத்து இதைத் தீர்க்க முடியாது. நடைபாதையில் பைக் ஓட்டுபவருக்கு அபராதம் போட ஆள் இல்லாததால், அந்த வேலையைக் கம்பத்திடம் கொடுத்திருக்கிறோம். கம்பத்துக்கு ஆள் தெரியாது.

நடைபாதை ஏன் அவ்வளவு உயரம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. சென்னையில் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகாலை உயர்த்திக் கட்டினால் நடைபாதையும் தானாக உயரும். 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று சாலை வழிகாட்டுதல் சொல்லும், வடிகால் வரைபடம் வேறு சொல்லும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்ட தெருக்களில் கதை தலைகீழ். சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர் வாசலில் படி கட்டுவார், கடைக்காரரும் கட்டுவார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 45 சென்டிமீட்டர் படிக்கு முறையான சாய்தளம் வேண்டுமென்றால், 12க்கு 1 என்ற கணக்கில் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அந்தக் கடைக்கு முன்னால் அவ்வளவு இடமே கிடையாது. சாய்தளம் போடச் சொல்லி நோட்டீஸ் விடுவதைவிடச் சாலையைப் பழைய மட்டத்துக்கு இறக்குவதுதான் அந்தத் தெருவுக்கு மருந்து.

பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் ஓடுகளுக்கும் இதே கதிதான். கோடு போட்டது வழிகாட்ட, புள்ளி வைத்தது எச்சரிக்க. கோடு போட்ட ஓடு நேராகப் போய் மின்பெட்டியில் முட்டுவதை நகரத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஓடு பதித்தவர் அளவுப்படி பதித்திருப்பார், பெட்டி வைத்தவரும் அளவுப்படிதான் வைத்திருப்பார். இரண்டு பேரும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். அதை நம்பி வருபவருக்கு ஓடே இல்லாத தெரு மேல்.

ஒருவழியாகக் காமராஜர் சாலைக்கு வந்தோம். போக்குவரத்துக் காவலர் ஒருவர் கை காட்டி வண்டிகளை நிறுத்தினார். பாதையில் ஏறிய பிறகு நான் தள்ளவே இல்லை. அக்கா தானே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டார்.

பஸ்ஸில் வந்தால்?

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம், மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் இலவசம். நல்ல திட்டம். ஆனால் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் தளம் உள்ள பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கு இலவச டிக்கெட்டால் என்ன பயன்? இப்படி உயரத் தளப் பேருந்துகள் வாங்குவதை எதிர்த்து மாற்றுத்திறனாளி செயல்பாட்டாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலம் வழக்காடினார்கள். பேருந்து வாங்குவதற்கான டெண்டர்களே அந்த வழக்கில் சிக்கி நின்றன. பிறகு 2024 ஆகஸ்டில் மாநகர் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை இறக்கியது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் கிளம்பின. 40 சென்டிமீட்டர் உயரத் தளம், பக்கவாட்டில் சற்றே சாய்ந்து இறங்கும் வசதி, விரித்துப் போடும் பலகை. பெரிய மாற்றம்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் பலகையை எங்கே விரிப்பது? பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் உயர நடைபாதையை ஒட்டி பஸ் நின்றால், ஏற வேண்டியது 25 சென்டிமீட்டர். சரிவு 4க்கு 1. செங்குத்துதான், ஆனாலும் யாராவது தள்ளினால் ஏறிவிடலாம். நிறுத்தத்தை ஆட்டோவும் காரும் அடைத்திருக்க, பஸ் நடுச்சாலையில் நின்றால் 40 சென்டிமீட்டரும் ஏற வேண்டும். சரிவு இரண்டரைக்கு 1. அதில் நாற்காலியை ஏற்ற பயில்வான் வேண்டும். பக்கவாட்டுச் சாய்வு சில சென்டிமீட்டரைக் குறைக்கும், கணக்கு அடிப்படையில் மாறாது. பல லட்ச ரூபாய் பஸ்ஸின் பயன், நிறுத்தத்தில் நிற்கும் ஒரு ஆட்டோவின் கையில் இருக்கிறது.

மெட்ரோவில் லிஃப்ட், வழிகாட்டி ஓடு, அகலமான நுழைவுக் கதவு எல்லாம் ஆரம்பத்திலேயே திட்டமிட்டு வைத்தார்கள். நிலையத்துக்குள் இருக்கும் வரை கவலையில்லை. பறக்கும் ரயில் நிலையங்கள் பெரும்பாலும் உயரத்தில். அங்கே லிஃப்ட் ஓடினால் பயணம், ஓடாவிட்டால் வீடு.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களை எல்லாம் எல்லோரும் அணுகும்படி மாற்ற வேண்டும் என்றது சட்டம். அந்தக் கெடு 2022 ஜூனோடு போயிற்று. அணுகல் வசதிக்கான விதி வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசுக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. புதுக் கட்டடத்துக்கு விதிப்படி வசதி இல்லையென்றால் நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது என்பது 2016 சட்டத்திலேயே இருக்கிறது. பேரூராட்சிக்கு இதுதான் கைவசம் உள்ள ஆயுதம். பணம் செலவில்லாத ஆயுதமும்கூட.

மாமாவின் ஊருக்கு

சென்னையில் செய்ததை அப்படியே சின்ன ஊரில் செய்ய வேண்டியதில்லை. முதலில் நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பல பேரூராட்சிகளில் நடைபாதையே கிடையாது, எல்லோரும் சாலை ஓரத்தில்தான் நடக்கிறார்கள். சென்னையைப் பார்த்து உயரமான நடைபாதை கட்டி, அதில் கம்பம் நட்டு, பிறகு அதற்குச் சரிவு தேட வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். கடைத்தெருவில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்து, ஓரத்தைச் சமமாகவும் மேடுபள்ளம் இல்லாமலும் வைத்தாலே நாற்காலியும் போகும், இணைப்புச் சக்கர ஸ்கூட்டரும் போகும். ஊரே சேர்ந்து போட்டோ எடுக்க வராது, அது வேறு விஷயம்.

அடுத்து, எந்த வழியைச் சரி செய்வது? ஊர் முழுவதையும் ஒரே மூச்சில் முடியாது. மாற்றுத்திறனாளி ஒருவர் மாதத்தில் கட்டாயம் போக வேண்டிய இடங்கள் சின்ன ஊரில் கைவிரலுக்குள் அடங்கும்: ரேஷன் கடை, வங்கி, அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம், பேருந்து நிலையம். உதவித்தொகை எடுக்கப் போகும் வங்கி மாடியில் இருக்கும், சார்பதிவாளர் அலுவலகமும் சில ஊர்களில் மாடிதான். மாடியில் இருக்கிற கவுன்ட்டரைக் கீழே இறக்குவதற்கு லிஃப்ட் வைக்கும் செலவு ஆகாது. ஒரு மேசையும் ஒரு ஊழியரும் போதும். வீட்டுக்கும் இந்த இடங்களில் ஏதோ ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரே ஒரு வழியை எடுத்துக்கொண்டு, வாசல்படி முதல் கவுன்ட்டர் வரை முழுசாக முடிக்க வேண்டும். பத்து இடத்தில் பத்துச் சரிவு போட்டு, ஒன்றிலும் போய்ச் சேர முடியாமல் விடுவதைவிட அது நல்லது.

மாமா உடனே ஒரு கேள்வி கேட்டார். "அந்த வழியில நெடுஞ்சாலைக்காரன் ரோடு வருது, மின்வாரியப் போஸ்ட் வருது, கோயில் இடம் வருது. எல்லாரையும் யாரு கூட்டியாறது?"

சின்ன ஊருக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி இதுதான் என்றேன். இங்கே சென்னையில் இந்தத் துறைகளின் பொறியாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கே மாசம் ஆகும். அங்கே அத்தனை பேரும் ஒரே டீக்கடைக்குத்தான் வருகிறார்கள். ஒரு நாள் காலையில் அவர்களை அழைத்துக்கொண்டு, ஊரில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரோடும் பார்வையற்ற ஒருவரோடும் அந்த வழியில் நடந்தால், எங்கே விளிம்பு, எங்கே பெட்டி என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது வேண்டாம். அனுபவமுள்ளவர் சொல்வதைக் குறித்துக்கொண்டால் போதும். காது கேளாதவர் ஒருவரும் வந்தால் மருத்துவமனையில் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவதோடு எழுதியும் காட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வரும். இது யாருக்கும் தோன்றுவதே இல்லை, வசதி என்றால் சாய்தளம் என்று மனதில் பதிந்துவிட்டது.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி உண்டு. மன்றக் கூடம் மாடியில் இருந்தால் முதல் தீர்மானம் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம்.

கழிப்பறைப் பேச்சை மாமா தானே எடுத்தார். பேருந்து நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒன்று இருக்கிறதாம், பூட்டியே இருக்குமாம், திறந்தால் உள்ளே துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும். சாவி யாரிடம் என்பது ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இது அவர் ஊருக்கு மட்டும் உரிய சிறப்பு இல்லை. உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் காலியாக வேண்டும், மூட்டை வைக்கத் தோதான இடமும் அதுதான்.

போன வாரம் போன் செய்தார். பேருந்து நிலையத்தில் புதுக் கழிப்பறைக்கு மதிப்பீடு தயாராகிறது. கதவு 75 சென்டிமீட்டர் என்று வரைபடத்தில் இருந்ததை 90 ஆக்கச் சொல்லியிருக்கிறார், பொறியாளரும் ஒப்புக்கொண்டாராம். வாசலில் ஒரு படி இருந்தால்தான் மழைத் தண்ணீர் உள்ளே வராது என்று அவர் பிடித்த பிடியில் நிற்கிறாராம். சரி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள் மாமா என்றேன்.